குதிரைகள் சுற்றிவரும் அறை

பெனோட்சோ கோட்சோலியின் இந்த ஓவியத்தை நின்ற இடத்தில் நின்று பார்க்க முடியாது. சுற்ற வேண்டும். ஃபுளோரன்ஸ் நகரின் மெடிசி ரிக்கார்டி மாளிகையில், மாடியில் இருக்கிறது அந்தச் சிறிய ஜெபக்கூடம். ஒரே நேரத்தில் சிலரைத்தான் உள்ளே விடுகிறார்கள். நுழைந்ததும் மூன்று பக்கமும் குதிரைகள். கிழக்குச் சுவரில் மலைச்சரிவிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஊர்வலம் மூலை திரும்பித் தெற்குச் சுவரில் நடக்கிறது. மறுபடி மூலை திரும்பி, மேற்குச் சுவர் வழியாக வடக்கே உள்ள பலிபீடத்தை நோக்கிப் போகிறது. பின்னால் நகர்ந்து மொத்தமாகப் பார்க்கலாம் என்றால், முதுகுக்குப் பின்னால் இன்னொரு சுவரின் குதிரை நிற்கிறது. 1459-இல் பெனோட்சோ இதைத் தொடங்கினார். ஊர்வலத்துக்கு வெளியே நிற்க அவர் யாருக்கும் இடம் வைக்கவில்லை.

ஊர்வலம் போவது பெத்லகேமுக்கு. விண்மீனைத் தொடர்ந்து கிழக்கிலிருந்து வந்த ஞானிகள், நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் மூன்று ராஜாக்கள் என்று சொல்பவர்கள். மத்தேயு நற்செய்தியில் அவர்கள் மூன்று பேர் என்ற கணக்கும் இல்லை, அரசர்கள் என்ற பட்டமும் இல்லை, பெயரும் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்றானதால் ஆளும் மூன்றானார்கள். முடியும் பெயரும் வயதும் பின்வந்த நூற்றாண்டுகள் கொடுத்தவை. கிழக்குச் சுவரில் வெள்ளைக் குதிரைமேல் பொன்னாடையில் வருபவர் இளையவர் கஸ்பார். தெற்கே, கறுத்த தாடியும் பொன்வேலை செய்த பச்சை உடையுமாக நடுவயதினர் பல்தசார். மேற்கே வெண்தாடி முதியவர் மெல்கியோர். பலிபீடத்துக்கு மிக அருகில் போய்ச் சேர்ந்திருப்பவர் அவர்தான். வயதில் குறைந்தவர் கடைசியில் வருகிறார்.

நான் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த காலத்தில் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதில் இந்த ஓவியத்தின் ஒரு சுவர் மட்டும் அச்சாகியிருந்தது, கஸ்பார் வரும் சுவர். இன்றும் நாட்காட்டியிலும் அஞ்சலட்டையிலும் புத்தக அட்டையிலும் வருவது அந்த ஒரு சுவர்தான். அதைப் பார்க்கிற யாரும், பொன்னாடை இளைஞன்தான் ஊர்வலத்தின் தலைவன், மற்றவர்கள் அவன் பின்னால் வருகிறவர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்குக் கலை வரலாறு எடுத்த ஆசிரியர் அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு பயிற்சி கொடுத்தார். முகங்களைக் காகிதத்தால் மறைத்துவிட வேண்டும். கால்களை மட்டும் பார்க்க வேண்டும். குதிரையின் கால், மனிதனின் கால், அங்கவடியில் இருக்கும் கால், மண்ணில் ஊன்றிய கால். "முகம் யாருன்னு சொல்லும். கால்தான் அவன் எங்க இருக்கான்னு சொல்லும்" என்பார். ஊர்வலப் படம் எதைப் பார்த்தாலும் இன்றுவரை நான் அப்படித்தான் தொடங்குகிறேன்.

அக்கா மகள் போலோஞ்ஞாவில் படித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் போயிருந்தேன். ஜனவரி மாதம். திருக்காட்சித் திருநாள் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜனவரி 6 அன்று ஃபுளோரன்ஸில் இப்போதும் மூன்று ராஜாக்கள் பவனி நடக்கிறது, பழைய காலத்து உடையணிந்து பிட்டி மாளிகையிலிருந்து பேராலயத்துக்குப் போவார்கள். அதற்கு வேர் 15-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. சான் மார்கோ மடத்தைச் சேர்ந்து ஞானிகளின் பெயரில் ஒரு பக்திச் சங்கம் இருந்தது. திருநாளில் அது குதிரைகளோடு நகர வீதிகளில் பவனி நடத்தியது. மெடிசி குடும்பத்தார் அதில் உறுப்பினர்கள். சான் மார்கோவும் மெடிசி மாளிகையும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன, அப்போது அதற்கு வியா லார்கா என்று பெயர், இன்று வியா காவூர். எனவே பெனோட்சோ வரைந்தது வேதாகமத்தின் பழைய காட்சி மட்டும் அல்ல. தன் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய பவனியையும் சேர்த்தே வரைந்தார்.

ஜெபக்கூடத்துக்குள் போனதும் அக்கா மகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பெயர் தேடத் தொடங்கினாள். "சித்தி, இதுதான் லொரென்சோவாம். தங்க டிரஸ் போட்டிருக்கிறது." வழிகாட்டிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். கஸ்பார் என்பது மெடிசி குடும்பத்தின் மாமனிதர் லொரென்சோ, பல்தசார் என்பது பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவான், மெல்கியோர் என்பது கான்ஸ்டான்டினோபிளின் மறைமுதுவர் ஜோசப். 1439-இல் கிழக்குத் திருச்சபையையும் மேற்குத் திருச்சபையையும் ஒன்றாக்க ஃபுளோரன்ஸில் சங்கம் கூடியபோது பேரரசரும் மறைமுதுவரும் இங்கே வந்து தங்கியது வரலாறு. ஜோசப் இந்த நகரத்திலேயே இறந்தார். சாந்தா மரியா நொவெல்லா கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. கதை அழகாகப் பொருந்துகிறது. ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. 1459-இல் லொரென்சோவுக்கு வயது 10. கஸ்பாரோ மீசை முளைக்கப்போகும் வாலிபன். பேரரசர் யோவானின் முகம் அந்தக் காலத்து இத்தாலியர்களுக்குப் பழக்கமானது. ஓவியர் பிசனெல்லோ அவருக்குப் பதக்கம் வார்த்திருக்கிறார், அதில் கூரான முன்விளிம்பு வைத்த உயரத் தொப்பி அணிந்திருப்பார். அந்தத் தொப்பியை யாரும் மறக்க மாட்டார்கள். பல்தசார் தலையில் அது இல்லை, இறகு செருகிய முடி இருக்கிறது. இந்த அடையாளங்களெல்லாம் ஓவியம் வரைந்து மிகப் பிந்திய காலத்தில் ஒட்டிக்கொண்டவை. கலை வரலாற்றாசிரியர் கொம்ப்ரிக் உட்படப் பலர் இவற்றை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை.

லொரென்சோ இந்தச் சுவரில் இல்லாமல் இல்லை. கஸ்பாருக்குப் பின்னால் வரும் கூட்டத்தில், தலைக்குமேல் தலையாக நெருக்கி நிற்கும் முகங்களுக்கிடையே, சிவப்புத் தொப்பியும் அமுங்கிய மூக்குமாக ஒரு சிறுவன் இருக்கிறான். அந்த மூக்கு வளர்ந்த லொரென்சோவின் சிலைகளிலும் உண்டு. அக்கா மகளுக்கு அவனைக் காட்டினேன். "அப்போ ஏன் எல்லாரும் அந்தத் தங்க ராஜாவையே சொல்றாங்க?" என்றாள். அவன் அழகன் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிற்காலத்தவர்கள் தங்களுக்குப் பிடித்த நாயகனை, படத்தில் தங்களுக்குப் பிடித்த முகத்தில் ஏற்றிவிட்டார்கள்.

பெயர்களை ஓரம் வைத்துவிட்டு, யார் எதன்மேல் ஏறி வருகிறார் என்று பார்க்கச் சொன்னேன். மதுரைக்காரிக்கு இது இயல்பாக வரும் பழக்கம். அழகர் குதிரை வாகனத்தில் ஆற்றில் இறங்கும்போது சீர்பாதத்தோடு யார் வருகிறார்கள், தீவட்டி யார் கையில், பரிவட்டம் முதலில் யார் தலைக்கு, எந்த மண்டகப்படியில் எவ்வளவு நேரம் என்பதில் ஒவ்வொரு ஊரின், ஒவ்வொரு குடும்பத்தின் இடமும் எழுதியிருக்கிறது. முதல் மரியாதைக்காக நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. ஊர்வலத்தில் நெருக்கம்தான் பேச்சு. கஸ்பாரின் குதிரைச் சேணத்தில் மெடிசி குலச்சின்னமான உருண்டைகள் பொறித்திருக்கின்றன. அவனுக்கு அடுத்தபடி, கையெட்டும் தூரத்தில் இரண்டு பேர் வருகிறார்கள். வெள்ளைக் குதிரையில் லொரென்சோவின் தந்தை பியரோ. அவரை ஒட்டி, கோவேறு கழுதையில் அவருடைய தந்தை கோசிமோ.

கோசிமோவுக்கு அப்போது 70 வயது. ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கியின் தலைவர், போப்பாண்டவர்களின் கணக்கைப் பார்த்தவர். ஃபுளோரன்ஸ் குடியரசில் பட்டம் எதுவும் சூடிக்கொள்ளாமலே முப்பது ஆண்டுக் காலம் அதை நடத்தியவர். அவர் ஏறியிருப்பது கோவேறு கழுதை. பணிவின் அடையாளம் என்பார்கள். ஆமாம், இயேசு ஜெருசலேமுக்குள் போனது கழுதைமேல். ஆனால் கோவேறு கழுதை அந்தக் காலத்தில் மூத்த குருமார்களின் சவாரியும்கூட. பணிவையும் மதிப்பையும் ஒரே விலங்கின்மேல் ஏற்றி உட்காரவைத்திருக்கிறார் பெனோட்சோ. வாழ்நாள் முழுவதும் கோசிமோ அரசியலில் செய்துவந்ததும் அதுதான். ஒரு மனிதரை இதைவிடச் சரியாக வரைந்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர்களுக்குப் பின்னால் குதிரையில் வரும் இருவர் விருந்தாளிகள். ரிமினியின் அதிபதி சிஜிஸ்மொண்டோ மலட்டெஸ்டா, மிலான் கோமகனின் மகன் கலியாட்சோ மரியா ஸ்ஃபோர்சா. 1459 ஏப்ரலில் போப்பாண்டவர் இரண்டாம் பயஸ் மாந்துவாவில் கூடவிருந்த மாநாட்டுக்குப் போகும் வழியில் ஃபுளோரன்ஸ் வந்தபோது இருவரும் வந்திருந்தார்கள். கலியாட்சோ இந்த மாளிகையிலேயே தங்கினான். அவர்களுக்காக நடந்த கேளிக்கையில், இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் சிறுவன் லொரென்சோ இதே தெருவில் குதிரைவீரர்களோடு வந்தான். அந்த வசந்தத்துக்குப் பிறகுதான் தூரிகை சுவரைத் தொட்டது. மூன்று ஆண்டு கழித்து அதே போப்பாண்டவர் மலட்டெஸ்டாவின் உருவப் பொம்மையை ரோமில் கொளுத்தினார். கலியாட்சோ 1476-இல் மிலான் கோயில் ஒன்றில் குத்திக் கொல்லப்பட்டான். லொரென்சோவின் தம்பி ஜூலியானோவையும் இந்தக் கூட்டத்தில்தான் காட்டுகிறார்கள், 1478-இல் ஃபுளோரன்ஸ் பேராலயத்துக்குள் திருப்பலியின்போது அவனைக் கொன்றார்கள். சுவரில் இவர்கள் யாருக்கும் இது எதுவும் தெரியாது. எல்லோரும் நன்றாக உடுத்தி, எந்த அவசரமும் இல்லாமல், ஒரு குழந்தையைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள். முகங்களில் எங்கேயும் சிரிப்பு இல்லை. அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியரின் பயிற்சி இங்கேதான் முழுதாகக் கைகொடுத்தது. கோசிமோவுக்கும் விருந்தாளிகளுக்கும் இடையில், முன்னால், கையில் வில்லோடு ஒரு கறுப்பர் நடந்து வருகிறார். கூட்டத்தில் வரும் பிரபுக்களுக்கும் வணிகர்களுக்கும் வெறும் தலைதான் கிடைத்திருக்கிறது. வேலைக்காரர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வில்லாளிக்கும் முழு உடம்பு கிடைத்திருக்கிறது. மண்ணில் ஊன்றிய பாதம், திரும்பிய முழங்கால், தோளின் எடை. ஊர்வலம் நகர்கிறது என்று நம்மை நம்பவைப்பவர்கள் இவர்கள்தான். ஃபுளோரன்ஸின் செல்வர் வீடுகளில் விலைக்கு வாங்கிய அடிமைகள் இருந்த காலம் அது. கோசிமோவின் மகன்களில் ஒருவரான கார்லோ சிர்காசிய அடிமைப் பெண் ஒருத்திக்குப் பிறந்தவர். பின்னாளில் குருவானார். அவர் முகமும் இந்தக் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். இத்தனை பெயர்களைத் தேடித்தேடி ஒட்டிய அறிஞர்களில், வில்லாளிக்கு ஒரு பெயரைத் தேடியவரை நான் படித்ததில்லை. ஆனால் பெனோட்சோ அவரை ஓரத்தில் ஒளிக்கவில்லை, வீட்டின் தலைவருக்கு அருகில், வெளிச்சத்தில் நிறுத்தினார். ஓவியரின் மனம் எங்கே இருந்தது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஓவியர் தன்னையும் மறக்கவில்லை. கூட்டத்தில் சிவப்புத் தொப்பி வைத்த ஒருவர் நேராக நம்மைப் பார்க்கிறார். தொப்பியின் விளிம்பில், இது பெனோட்சோவின் வேலை என்று லத்தீனில் பொன்னெழுத்து. அவர் துறவி ஓவியர் ஃபிரா ஆஞ்சலிகோவிடம் வேலை பார்த்தவர். சிற்பி கிபெர்ட்டியின் பட்டறையில், திருமுழுக்குக் கோயிலின் வெண்கலக் கதவுகளில் வேலை செய்தவர். உலோகத்தில் நுணுக்கம் பழகிய கை என்பது குதிரைச் சேணங்களில் தெரிகிறது. ஒவ்வொரு வாரும் ஒவ்வொரு குமிழும் ஒவ்வொரு அங்கவடியும் தனித்தனியே செதுக்கினாற்போல் இருக்கின்றன. சுண்ணம் ஈரமாக இருக்கும்போது அடிப்படை வண்ணம் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் நுண்வேலை செய்திருக்கிறார். நீலத்துக்கு லாபிஸ் லாசுலி, ஒளிக்குத் தங்க ரேக்கு. அறைக்கு அப்போது பெரிய சன்னல் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்ப்பதற்காகவே செய்த ஓவியம். சுடர் அசையும்போது சேணத்துத் தங்கம் மின்னி மறையும், குதிரைகள் உயிரோடு நடக்கும். இன்றைய விளக்கு நிதானமாக, சமமாக விழுகிறது. 1992-இல் துப்புரவுப் பணி முடிந்தபின் வண்ணங்கள் மிகத் தெளிவாக இருக்கின்றன. ஒரு மெழுகுவர்த்தியோடு இதைப் பார்க்கக் கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

நிலக்காட்சியைச் சொல்லவில்லையே. வேதாகமப்படி இது பெத்லகேமுக்கு நடந்த பயணம். பெனோட்சோ அதை டஸ்கனியில் நடத்துகிறார். படிப்படியாய் வெட்டிவைத்த வெளிறிய பாறைகள், நெட்டையான சைப்ரஸ் மரங்கள், ஒழுங்கான வேலிகள், வளைந்து இறங்கும் பாதையில் எறும்பளவு குதிரைகள். உச்சியில் ஊர்வலம் புறப்பட்ட ஜெருசலேம், பார்த்தால் மெடிசிகளின் பூர்வீகமான முஜெல்லோ பகுதியில் அவர்கள் கட்டிய கோட்டைவீடு மாதிரி இருக்கிறது. மெல்கியோரின் பரிவாரத்தில் ஓர் இளைஞன் தன் குதிரையில் பின்னால் ஒரு சிவிங்கிப்புலியை உட்காரவைத்து வருகிறான். தொலைவில் ஒட்டகங்கள். கிழக்குச் சுவரின் நடுவில் ஒரு குதிரைவீரன் நாய்களோடு மானைத் துரத்துகிறான். ராஜாக்கள் கடந்துபோவதை அவன் கவனிக்கவே இல்லை. புனிதப் பயணத்துக்கும் வேட்டைக்கும் ஒரே மலை, ஒரே வெளிச்சம். திருநாளோ குளிர்காலத்தில் வருவது, மரங்களோ இலையும் காயுமாக இருக்கின்றன. தன் நிலத்தை மெடிசி குடும்பம் புனித பூமியாக்கிக்கொண்டது என்று இதைப் படிக்கலாம். அப்படித்தான் பலரும் படிக்கிறார்கள். எனக்கு வேறொன்றும் தெரிகிறது. பெத்லகேமைப் பார்த்தேயிராத ஒரு மனிதர், தான் நேசித்த குன்றுகளைத் தவிர வேறு எதன் வழியாக அங்கே போய்ச்சேர முடியும்?

மறுநாள் சான் மார்கோ மடத்துக்குப் போனோம். ஃபிரா ஆஞ்சலிகோ துறவிகளின் அறைதோறும் வரைந்த இடம். பெரும்பாலான அறைகளில் சிலுவை, துறவி, வெற்றுச் சுவர், அவ்வளவுதான். கோசிமோ தியானத்துக்கென்று தனக்கு வைத்துக்கொண்ட அறையில் மட்டும் நீளமான சுவரில் மூன்று ராஜாக்கள் குழந்தையை வணங்குகிறார்கள். அதிலும் பெனோட்சோவின் கை இருக்கிறது என்பார்கள். இந்த மடத்தைக் கோசிமோ புதுப்பித்த கதையைப் புத்தக வணிகர் வெஸ்பசியானோ எழுதிவைத்திருக்கிறார். வட்டியில் வந்த பணம் மனச்சாட்சியை உறுத்த, கோசிமோ போப்பாண்டவர் நான்காம் யூஜினிடம் கேட்டாராம். அவர் 10,000 ஃபுளோரின் இந்த மடத்துக்குச் செலவிடச் சொன்னாராம். செலவு அதையும் தாண்டிப் பல மடங்கு போயிற்று. புதுப்பித்த கோயிலை 1443-இல் அர்ப்பணித்த நாள் ராஜாக்கள் திருநாள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த லொரென்சோவுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததும் அதே திருநாளில்.

இங்கேதான் எனக்கு அந்த ஊர்வலம் புரியத் தொடங்கியது. வட்டி வாங்குவது பாவம் என்று போதித்த திருச்சபையில் ஒரு வங்கிக்காரர் எந்தப் புனிதரைப் பிடித்துக்கொள்வார்? பணக்காரன் விண்ணரசில் நுழைவது அரிது என்று சொல்லும் நற்செய்தியில், பொன்னைக் கையிலெடுத்து வந்து, அதற்காகத் திருப்பி அனுப்பப்படாமல், குழந்தையின் அருகே போக முடிந்தவர்கள் இந்த ராஜாக்கள் மட்டுமே. அவர்கள் பின்னால் போகிறோம் என்று சொல்வது மெடிசிகளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அடைக்கலமாகவும் இருந்தது. கோசிமோ தன் தனியறையில், யாரும் பார்க்காத இடத்தில், அதே படத்தை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால் அதை வெறும் படாடோபம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

அக்கா மகள் ஒப்பவில்லை. உஃபிட்சி அருங்காட்சியகத்தில் ஜென்டிலே டா ஃபாப்ரியானோவின் ‘ராஜாக்கள் வணக்கம்’ ஓவியத்தின் முன்னால் நின்றுகொண்டு வாதாடினாள். 1423-இல் வரைந்தது அது. தங்கம் கொட்டிக் கிடக்கும், சிறுத்தை உண்டு, குரங்கு உண்டு, வளைந்து வரும் ஊர்வலம் உண்டு. செய்யச் சொன்னவர் பல்லா ஸ்ட்ரோட்சி, அந்த நாளில் நகரத்தின் மிகப் பெரிய செல்வர். 1434-இல் கோசிமோ நாடுகடத்தலிலிருந்து திரும்பியதும் முதலில் வெளியேற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர். பாதுவாவில்தான் அவர் மிச்ச வாழ்க்கை. "பாருங்க சித்தி, எதிரியோட ஊர்வலத்தையும் எடுத்துக்கிட்டாங்க. அவர் சாமி கும்பிடுற படம் வச்சிருந்தார், இவங்க அதைவிடப் பெரிசா வச்சுக்கிட்டாங்க. இது பக்தியா?" ஜென்டிலேயின் படத்தில் ராஜாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மண்டியிட்டுவிட்டார்கள். பெனோட்சோவின் ராஜாக்களோ இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள், சேரவில்லை. அதுவே வித்தியாசம் என்றேன். "சேர்ந்துட்டா குதிரையை விட்டு இறங்கணும்ல" என்றாள். அந்தப் பதில் கூர்மையானது. அதை நான் அவளிடமே சொன்னேன்.

போய்ச் சேரும் இடம் பலிபீடத்தின் மேல் இருந்தது. ஃபிலிப்போ லிப்பி வரைந்த மரியாவும் குழந்தையும். இருண்ட காடு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள், புல்தரையில் கிடக்கும் குழந்தை, ஓரத்தில் ஓவியரின் பெயர் பொறித்த கோடரி. தொழுவம் இல்லை, யோசேப்பு இல்லை, ராஜாக்களும் இல்லை. மூன்று சுவர்களின் தங்கமும் இந்த இருட்டில் வந்து முடியும்படிதான் அந்த அறையை அமைத்திருக்கிறார்கள். மூலம் இன்று பெர்லினில், கெமெல்டெ காலரியில் இருக்கிறது. ஃபுளோரன்ஸில் இருப்பது அதே காலத்தை ஒட்டிய ஒரு நகல். நகலானாலும் சுற்றிவந்த கண் அதில்தான் போய் நிற்கிறது, தனிச் சுவரை அச்சில் பார்ப்பவர்களுக்கு இது கிடைக்காது.

சுவர்களுக்கும் இடர் வந்திருக்கிறது. 1659-இல் மெடிசிகள் மாளிகையை ரிக்கார்டி குடும்பத்துக்கு விற்றார்கள். சில பத்தாண்டுகளில் புதிய உரிமையாளர்களுக்கு அகலமான மாடிப்படி வேண்டியிருந்தது, அதற்காக ஜெபக்கூடத்தின் ஒரு மூலையை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். மெல்கியோரின் வாகனம் இரண்டு துண்டாகி, முன்பாதி ஒரு சுவரிலும் பின்பாதி அதற்குச் செங்குத்தாக நிற்கும் இன்னொரு சுவரிலும் இருக்கிறது. பலிபீடத்துக்கு மிக அருகில் வந்துவிட்ட முதியவருக்கு இது நேர்ந்தது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பெனோட்சோவின் வேலைக்கு இது போதாது என்று, பீசா நகரின் கம்போசாந்தோ கல்லறை வளாகத்தில் அவர் வரைந்த பெரிய சுவர்கள் 1944 ஜூலையில் குண்டு விழுந்து பற்றிய தீயில் சிதைந்தன. அவருடைய கூட்டங்களும் குன்றுகளும் பெருமளவு மிஞ்சியிருக்கும் இடங்களில் இந்த அறை முதன்மையானது.

ரயிலில் திரும்பும்போது அவளிடம் என் கடைசி ஆதாரத்தை எடுத்துவைத்தேன். 1459 ஜூலையில் பெனோட்சோ பியரோவுக்கு எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. வேலையைச் செய்யச் சொன்ன பியரோ மூட்டுவாதக்காரர், நகரத்தின் வெக்கைக்கு வெளியே இன்னொரு மாளிகையில் இருந்தார். பலிபீடத்தை ஒட்டி ஓவியர் வரைந்த செராபிம் என்னும் வானதூதர்கள் அங்கே பொருந்தவில்லை என்று அவர் கருதியதை ஒரு நண்பர் வந்து சொல்லியிருக்கிறார். பெனோட்சோ பணிவோடு பதில் எழுதுகிறார். ஒன்று மூலையில் மேகங்களுக்கிடையே இருக்கிறது, இறகு நுனிதான் தெரிகிறது, அதனால் அழகு கெடவில்லை, ஆனாலும் உங்கள் விருப்பப்படியே செய்கிறேன், இரண்டு சிறு மேகம் போட்டால் மறைந்துவிடும் என்கிறார். ஒரு சுவர் முழுக்கத் தன் முகம், தன் தந்தை முகம், பிள்ளைகள் முகம், விருந்தாளிகள் முகம் என்று நிறைந்திருக்கும் ஓவியத்தில், மிஞ்சிய கடிதங்களின்படி பியரோவின் மனத்தை உறுத்தியது பலிபீடத்தின் பக்கத்தில் நின்ற ஒரு வானதூதனின் இறகு நுனி. காட்சிக்காக மட்டும் செய்தவன் அந்த மூலையைப் பார்த்திருக்கவே மாட்டான் என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "முகமெல்லாம் அவருக்குப் பிடிச்ச மாதிரியே வந்துருச்சு, அதனால அதைப் பத்தி எழுதலை சித்தி" என்றாள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. அவள் இப்போது பெர்லினில் வேலை பார்க்கிறாள், லிப்பியின் படத்தை என்னை விட்டுவிட்டுத் தனியாகப் பார்ப்பதில்லை என்று சொல்லியிருக்கிறாள்.